வானொலி நின்ற மாதம்

எங்கள் கேம்ரி தொண்ணூற்றேழாம் ஆண்டு தொழிற்சாலையிலிருந்து எந்த வானொலி செட்டோடு வந்ததோ, அதே செட்டோடுதான் இரண்டாயிரத்துப் பதினொன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. கசெற் போடுகிற வாய் ஒன்று, இரண்டு உருளைப் பொத்தான், எப்போதும் பத்து நிமிடம் முந்தி ஓடும் மணிக்கூடு ஒன்று. வேறு எதையும் அதில் செருக வழியில்லை. புதிதாக ஒன்று போடுவோம் என்று கணவர் சொன்னபோதெல்லாம் நான் மறுத்தேன். பளபளவென்று புதுச் செட் தெரிந்தால் கண்ணாடியை உடைக்க ஆள் வரும் என்பது ஒரு காரணம். பிடிவாதம் மற்றக் காரணம். அது எனக்குப் பிறவிக்குணம்.

அந்தப் பழைய செட்டிலேயே தமிழ் வானொலி கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருடம் மருந்தாளராக வேலை செய்த நான், அவுஸ்திரேலியாவில் மறுபடி பதிவு பெறுவதற்கு ஒரு வருடப் பயிற்சி முடித்து வாய்மொழிப் பரீட்சை ஒன்றிலும் சித்தியடைய வேண்டியிருந்தது. நாங்கள் குடியிருந்தது கிளென் வேவர்லியில், ஒரு வீட்டின் பின்வளவில் கட்டிய சிறிய வீட்டில். பயிற்சிக்கு என்னைச் சேர்த்துக்கொள்ள முன்வந்த ஒரே மருந்துக்கடை டார்னெய்ட்டில் இருந்தது. நகரத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர இன்னும் கொஞ்சம் கூட.

கனடாவில் இருக்கும் சிநேகிதி ஒருத்தி தன் காருக்குச் செய்மதி வானொலி பூட்டியதாகப் பெருமையடித்தாள். நானும் ஒரு கடையில் போய்க் கேட்டேன். அப்படியொன்று இந்த நாட்டுக் கார்களுக்குக் கிடையாது என்று விற்பனையாளர் கையை விரித்தார். எங்களுக்கு வாய்த்தது வேறு. நாள் முழுக்கத் தமிழ் பேசும் வானொலி ஒன்று, சாதாரண செட்டில் பிடிபடாத தனி அலையில் வந்தது. அதைக் கேட்பதற்கென்றே ஒரு சின்னப் பெட்டி விற்றார்கள். தெரிந்த தமிழ் வீடுகளில் அநேகமாக எல்லாக் குசினியிலும் அடுப்புக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டி இருந்தது. எங்கள் குசினியிலும் இருந்தது. ஆனால் காலையிலும் மாலையிலும் அது மரண அறிவித்தல் வாசிக்கும் நேரத்தில் நான் காருக்குள் இருப்பேன்.

எனக்கு வேண்டியது அந்த அறிவித்தல்தான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஊரில் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, இதயம் பலவீனம், அண்ணனோடு இருந்தார். பரீட்சை முடிந்த கிழமையே அவரைப் பார்க்கப் போவதாக இருந்தேன். "பரீட்சையை முடிச்சுப்போட்டு வா பிள்ளை, நான் ஒரு இடமும் போகமாட்டன்" என்று அவரே தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

அம்மா செத்தபோது நான் கொழும்பில் இருந்தேன். போரால் யாழ்ப்பாணப் பாதை பூட்டியிருந்த காலம் அது. செய்தி நாற்பத்தாறு நாள் கழித்து ஒரு கடிதமாக வந்தது. அந்த நாற்பத்தாறு நாளும் நான் தலைக்குப் பூ வைத்துக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறேன், சிரித்துக் கதைத்திருக்கிறேன். அதை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. போர் நடந்த இடத்தில் யாரைக் குறை சொல்வது? ஆகவே இந்த முறை கணவரிடமும் அண்ணனிடமும் தனித்தனியே வாக்கு வாங்கினேன். அப்பாவுக்கு என்ன நடந்தாலும், நான் பரீட்சை மண்டப வாசலில் நின்றாலும், அந்தக் கணமே எனக்குச் சொல்ல வேண்டும். இருவரும் ஓம் என்றார்கள். நம்பினேன். இருந்தாலும் வானொலியும் பக்கத்தில் இருப்பது நல்லது என்று பட்டது. மனிதர் சொல்லத் தவறினாலும் அது சொல்லும்.

"செத்தவீட்டுச் செய்தி கேக்கவோ நீர் கார் ஓடுறீர்?" என்று கணவர் கேலி செய்தார். கேலி செய்தாரே தவிரத் தடுக்கவில்லை. ஸ்பிரிங்வேலில் இந்த வேலை தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான்.

அந்த மனிதர் அகதியாகப் படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருந்தார். ஊரில் மினிபஸ்களுக்குப் பாட்டுச் செட் பூட்டிப் பேர் எடுத்தவராம். இங்கே யாரோ ஒருவரின் வீட்டுக் கராஜில் வேலை செய்தார். ஒரு கரண்டிக் காம்பில் துணியைச் சுற்றி, அதைக் கொடுத்து நெம்பி, கீறல் விழாமல் டாஷ்போர்டின் முகத்தைக் கழற்றினார். பெட்டியை நேரே கொடுக்க இந்தச் செட்டில் துவாரம் இல்லை என்று அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"இது செட்டை ஏமாத்துற வேலை, அக்கா" என்றார். "ஏரியல் வயருக்கு நடுவில ஒரு சாமான் போடுறன். அது உங்கட பெட்டியின்ர சத்தத்தை ஒரு சாதாரண ஸ்டேஷன் மாதிரி ஆக்கிக் குடுக்கும். செட் பாவம், தான் வழமைபோல ரேடியோ பிடிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கும்."

குசினியிலிருந்து நாங்கள் கொண்டுபோன பெட்டியை டாஷ்போர்டின் இழுப்பறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். பின்கண்ணாடியில் அதற்கென்று தனி ஏரியல் ஒட்டினார். ஸ்டியரிங்குக்குக் கீழே, கண்ணாடி பியூஸ் ஒன்று வைத்த குழாய் வழியாக மின்சாரம் எடுத்தார். எல்லாம் முடிந்ததும் என் கணவரைக் குனியச் சொல்லி அந்தக் குழாயைக் காட்டினார். "ஏதும் பிழைச்சால் முதல் இதைப் பாருங்கோ அண்ணை. திருகினால் கழரும். பியூஸ் இல்லாட்டி எல்லாம் சைலன்ட்." கணவர் தானே ஒருமுறை திருகிக் கழற்றி, திரும்பப் பூட்டிப் பழகிக்கொண்டார். எவ்வளவு அக்கறையான மனுசன் என்று நான் நினைத்தேன்.

இரண்டு மாதம் சந்தோஷமாகப் போனது. காலையில் பாட்டு, செய்தி, பிறந்தநாள் வாழ்த்து, பிறகு அறிவித்தல். வெஸ்ட்கேட் பாலத்தில் ஏறும்வரை தெளிவாகக் கேட்கும். பாலத்தைக் கடந்தால் கரகரக்கத் தொடங்கும், டார்னெய்ட் கிட்ட வரும்போது நின்றுவிடும். அதற்குள் அறிவித்தல் முடிந்திருக்கும். எங்கள் ஊர்ப் பெயர் வராத ஒவ்வொரு நாளும் எனக்கு நல்ல நாள்.

ஒரு சனிக்கிழமை காலை, மரக்கறி வாங்கப் புறப்பட்டபோது வானொலி வேலை செய்யவில்லை. செட்டில் வெளிச்சம் இருந்தது, மற்ற ஸ்டேஷன்கள் பாடின, தமிழ் மட்டும் இல்லை. கணவர் ஓடி வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டு, டோர்ச் அடித்துப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "பெட்டி எரிஞ்சுபோச்சுப் போல கிடக்கு" என்றார். பூட்டியவருக்குத் தொலைபேசி எடுத்தால், அவர் மில்டூராவில் திராட்சைக் கொடி வெட்டும் வேலைக்குப் போய்விட்டார், திரும்பி வர ஒரு மாதம் ஆகும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரைகுறை வேலை, தொழில் தெரியாமல் வேலைக்கு வந்த ஆள் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னேன்.

"இப்ப ரேடியோ என்னத்துக்கு? ஒரு மாதம்தானே கிடக்கு. கார் ஓடேக்க படிச்சதை மனசுக்குள்ள சொல்லிப் பாரும்" என்றார் கணவர். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அதே கிழமை அவர் இன்னொன்றும் சொன்னார். என் பரீட்சைக்காக ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாராம். ஒரு மாதம் வீட்டில் மச்சம் சமைப்பதில்லை, மரக்கறிதான். இருபது வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாட்டைக் கூட முகம் கோணாமல் சாப்பிடாத மனுசன் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மருந்துக்கடையில் கூட வேலை செய்தவர்களிடம் என் கணவர் எனக்காக விரதம் இருக்கிறார் என்று சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். சொல்லிக்கொண்டே, வீட்டுக்குத் தெரியாமல், அவர்கள் மதியத்துக்கு வாங்கி வைத்த பொரித்த கோழியில் இரண்டு துண்டு தின்றேன். நேர்த்தி அவருடையதுதானே, என்னுடையது இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் வேறு.

கோவிலுக்குப் போவதும் நின்றது. ஒரு கிழமை காருக்குச் சர்வீஸ், ஒரு கிழமை அவருக்கு இடுப்பு நோ, ஒரு கிழமை நீர் இருந்து படியும் என்றார். ஸ்பிரிங்வேல் மரக்கறிக் கடையில் ஒரு நாள், கோவிலில் பழக்கமான அன்ரி ஒருவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். "மனசைத் திடமா வைச்சிரும் பிள்ளை" என்றார். "இன்னும் ரெண்டு கிழமைதான் அன்ரி, எல்லாம் படிச்சிட்டன்" என்று சொன்னேன். அவர் கண்ணில் நீர் வந்தது. கத்தரிக்காயைத் தெரியாமலே பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். என் பரீட்சைக்கு ஊரே உருகுகிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு மாலைகளில் வழக்கம்போல் ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். முதல் ஞாயிறு, அப்பா நித்திரை என்றார் அண்ணன். அடுத்த ஞாயிறு லைன் சரியில்லை. மூன்றாம் ஞாயிறு, அப்பா குளிக்கிறார். நான்காம் ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது, அப்பாவைக் கூப்பிடுங்கோ என்று பிடிவாதமாக நின்றேன்.

"அவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கதைக்கக் கூடாதாம்" என்றார் அண்ணன்.

எனக்குள் இருந்த மருந்தாளர் எழும்பிவிட்டார். காய்ச்சல் இருக்கிறதா, விழுங்க நோகிறதா, சளி என்ன நிறம் என்று வரிசையாகக் கேட்டேன். அண்ணன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். மஞ்சள் நிறம் என்று கூடச் சொன்னார். அப்பாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது, மறந்தும் அதைக் கொடுத்துவிடாதேங்கோ என்று எச்சரித்தேன். டொக்டரிடம் எரித்ரோமைசின் கேளுங்கோ, சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கோ, இல்லாவிட்டால் வயிறு எரியும், பத்து நாளுக்கு விடாமல் கொடுங்கோ என்றேன். எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவர் அதைத் திரும்பச் சொல்லி எழுதிக்கொண்டார். பக்கத்துக் கதிரையில் இருந்த என் கணவர் எழுந்து வெளியே போனார்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை, ஸ்பிரிங்வேல்காரர் மில்டூராவிலிருந்து திரும்பிவிட்டதாகத் தொலைபேசி எடுத்தார். கணவர் வேலைக்குப் போயிருந்தார். நான் தனியே, பேச வேண்டியதையெல்லாம் நாக்கில் அடுக்கிக்கொண்டு போனேன். கராஜ் வாசலிலேயே தொடங்கினேன். "மூண்டு பேர் வேலைக்கு வேண்டாம் எண்டிட்டினம் அக்கா, நீங்கள் சொன்னதெண்டு கேள்விப்பட்டன்" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். அடுத்த நிமிடமே நிமிர்ந்தார். திருகிக் கழற்றிய குழாயை என்னிடம் நீட்டினார். உள்ளே வெறுமை.

"பியூஸ் எரியேல்லை அக்கா. எரிஞ்சால் உள்ள கிடக்கும். இதுக்குள்ள பியூஸே இல்லை. எடுத்துப்போட்டுக் குழாயை ஒழுங்காத் திருப்பிப் பூட்டியிருக்கு."

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நான் படிக்கட்டும் என்று கணவர் எடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன், கோபம் கூட வந்தது. ஸ்பிரிங்வேல்காரர் தகரப் பேணியிலிருந்து ஒரு புதுப் பியூஸை எடுத்துப் போட்டார். பாட்டு வந்தது. ஒலியைச் சரிபார்க்க அப்படியே விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றார். பாட்டு முடிந்து மதிய அறிவித்தல் தொடங்கியது.

அந்தியேட்டி அழைப்பும் நன்றி நவிலலும் என்றார் அறிவிப்பாளர். பிறகு எங்கள் ஊர்ப் பெயர். பிறகு ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் என்றார். பிறகு என் அப்பாவின் பெயர். முப்பத்தோராம் நாள் கிரியைகள் நாளை ஞாயிறு காலை கீரிமலையிலும், மதியபோசனம் இல்லத்திலும் நடைபெறும். அன்னாரின் மறைவுச் செய்தி கேட்டு நேரில் வந்தும் தொலைபேசியிலும் ஆறுதல் சொன்ன அனைவருக்கும் நன்றி தெரிவிப்போர் என்று பெயர்களை வாசித்தார். அண்ணன் பெயர் முதலில் வந்தது. அடுத்தது என் பெயர். என் பெயருக்குப் பிறகு சற்று நிறுத்தி, அவுஸ்திரேலியா என்றார்.

அந்த நகரத்தில் தமிழ் கேட்கும் எல்லோருக்கும் நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். எதற்கென்று எனக்கு மட்டும் தெரியாமல்.

என் முகத்தைப் பார்த்து அந்த மனிதர் விளங்கிக்கொண்டார். ஒரு மாதம் மில்டூராவில் இருந்ததால் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிவைக்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்து தந்தார். "அப்பாவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். எனக்கு ஆறுதல் சொன்ன முதல் ஆள், நான் ஊரெல்லாம் பழித்த ஆள்.

கதிரையில் இருந்துகொண்டு விரல்விட்டு எண்ணினேன். நாளை முப்பத்தொன்று என்றால் அப்பா போனது ஒரு வெள்ளிக்கிழமை. வானொலி நின்றது அடுத்த நாள் காலை. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. இடுப்பு நோ இல்லை, சாவுத் துடக்கு உள்ள வீட்டார் கோவிலுக்குப் போகக்கூடாது, அதுதான். நேர்த்தி இல்லை, எனக்காக விரதம் இல்லை. அவர் தன் மாமனாருக்கு முப்பது நாளாக மச்சம் தொடாமல் ஒழுங்காகத் துடக்குக் காத்திருக்கிறார். அந்த நாட்களில் மகள் நான் கோழி தின்றிருக்கிறேன். அன்ரி அழுதது என் பரீட்சைக்கு இல்லை. வானொலிக்கு அறிவித்தல் கொடுத்ததும் கணவராகத்தான் இருக்க வேண்டும். மகள் வீட்டின் பெயரில் அறிவித்தல் வராவிட்டால் சனம் என்ன சொல்லும்? சனத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, எனக்குக் கேட்காமல் இருக்கப் பியூஸைக் கழற்றியிருக்கிறார். கோவிலில் எல்லோரிடமும் பரீட்சை முடியும்வரை வாய் திறக்க வேண்டாம் என்று கேட்டிருப்பார். எல்லோரும் எவ்வளவு விருப்பத்தோடு சம்மதித்திருப்பார்கள்.

பரீட்சையில் நான் சித்தியடைந்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதைப் பிடித்துக்கொண்டு, ஒளித்தது நல்லதாய்ப் போயிற்று என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கணவரும் சொல்வார். வன்னியில் அவருடைய தம்பி இறந்த செய்தி எனக்குத்தான் முதலில் வந்தது என்பதையும், அவர் வேலை முடிந்து காரோட்டி வீடு வந்து சேரும்வரை மூன்று மணி நேரம் நான் ஒளித்தேன் என்பதையும் எடுத்துக்காட்டுவார். உண்மைதான், ஒளித்தேன். மூன்று மணி நேரத்துக்கும் முப்பத்தொரு நாளுக்கும் வித்தியாசம் தெரியாதவரிடம் நான் என்ன கணக்குச் சொல்ல? அவர் என்னிடம் வாக்குக் கேட்டு வைத்திருக்கவுமில்லை. என்னால் மன்னிக்க முடியாதது அவர் வாக்கை மீறியதுதான். செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே செய்யாமல் விட்டதுதான்.

கராஜிலிருந்து புறப்படுமுன் அந்தப் புதுப் பியூஸைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்கப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். கணவர் தேநீர் ஊற்றித் தந்தார். சந்தேகம் ஒன்றும் அவருக்கு வரவில்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, வழக்கம்போல், ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஊரில் அப்போது நடுப்பகல். அண்ணன் குரலுக்குப் பின்னால் ஒரே சனச் சத்தம். கோப்பைகள் தட்டுப்பட்டன, யாரோ சாம்பார் கேட்டார்கள்.

"என்னண்ணை சத்தம்?"

"பக்கத்து வீட்டில விசேஷம்."

"அப்பான்ர தொண்டை எப்பிடி?"

"இப்ப நல்ல சுகம். நீ சொன்ன மருந்துதான் வேலை செய்தது. கதைக்கக் கூடத் தொடங்கிட்டார், இப்பதான் சாப்பிட்டிட்டுப் படுத்தவர்."

"இண்டைக்கு ஏழாம் நாள்" என்றேன். "சுகம் எண்டிட்டு இடையில நிப்பாட்டாதேங்கோ. இன்னும் மூண்டு நாள் குடுங்கோ."

"ஓம் ஓம். குடுக்கிறன்" என்றார் அண்ணன்.

வைத்துவிட்டேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் கணவர் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அண்ணனோடு கதைத்தது முழுவதும் அவருக்குக் கேட்டிருந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. ஒரு சுளையை எடுத்து என் பக்கம் நீட்டினார். நான் அதை வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பியூஸை எடுத்து அவருடைய கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தியேட்டி முடிஞ்சுதுதானே" என்றேன். "நாளைக்கு உங்களுக்கு மீன் காய்ச்சவோ?"